அடுத்த ஹெட்செட் வரும்வரை

துணி துவைக்கும் இயந்திரத்தோடு வரும் கையேட்டை யாரும் படிப்பதில்லை, வென்லா. இருபத்திரண்டு வருடமாக அதை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன், எனக்கு இதில் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. ஆனால் ‘எச்சரிக்கை’ என்று தலைப்பிட்ட பகுதியை மட்டும் எல்லோரும் படிக்கிறார்கள். படித்ததை நம்பவும் செய்கிறார்கள். அதை எழுதியது யார் என்று இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை. நீதான் முதல் ஆள்.

காபியை எடுத்துக்கொள். ஏலக்காய் பன் நேற்றுச் செய்தது, கொஞ்சம் காய்ந்திருக்கும். இல்மாரி கீழே சவுனா நீராவி அறையில் இருக்கிறான். இந்தக் கட்டடத்தில் சனிக்கிழமை ஐந்து மணி எங்கள் முறை. ஆறு மணிக்கு நான் போய் அவனை அழைத்து வரவேண்டும், அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். யுவாஸ்குலாவிலிருந்து ஔலுவரை ரயில் மாறி வந்திருக்கிறாய். உன்னை மழுப்பி அனுப்புவது மரியாதையாக இருக்காது.

முதலில் நீ என் தம்பியைத்தான் சந்தேகப்பட்டிருப்பாய். நீ நடத்தும் இணைய மன்றத்தை மூடுவதற்காகப் பழைய பதிவுகளை ஒதுக்கியபோது, இல்மாரியும் ‘வடக்குஜன்னல்’ என்ற ஆளும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து எழுதியதைப் பார்த்தாய். கண்ணில் மாட்டினால் வேறோர் உலகம் காட்டும் அடுத்த ஹெட்செட்டைப் பற்றிய ரகசியங்களை மூன்று வருடத்துக்கு மேலாக அள்ளிவிட்டு, உங்கள் எல்லோரையும் காத்திருக்க வைத்த ஆள் நம் இல்மாரிதானா என்று கொதித்துப் போய்த்தான் கிளம்பியிருப்பாய். அவன் பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வடக்குஜன்னல் நான்தான்.

அவன் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் என் பக்கம் உனக்குப் புரியும். பன்னிரண்டு வயதில் இருட்டில் அவனுக்குக் கண் தெரியாமல் போனது. இருட்டில் தெரியாது என்று எல்லோரும் சொல்வோமே, அப்படியல்ல. தெருவிளக்குக்குக் கீழே நிற்கும் காரும் தெரியாது. இந்த ஊர்க் கோடையில் இருட்டு என்பதே இல்லை, அதனால் ஜூன், ஜூலையில் அவன் ராஜா. சைக்கிளில்கூடப் போவான், நாலு நாளைக்கு என் முகத்தையே பார்க்க மாட்டான். செப்டம்பர் பிறந்தால் என் வலது முழங்கைக்கு மேலே அவன் கை வந்து உட்காரும். மார்ச் முடியும்வரை எடுக்க மாட்டான்.

டிசம்பரில் மூன்று மணிக்கெல்லாம் கருக்கல். நான் வேலை முடிந்து வந்ததும் ஆற்றங்கரையில் நடப்போம்.

“அக்கா, முன்னாடி என்ன வருது?”

“ஒரு நாய். உன்னவிட நல்ல கோட்டு போட்டிருக்கு.”

“அதுக்கு உன்ன மாதிரி அக்கா இல்ல, அதான். நீ வாங்கிக் குடுக்குற கோட்டுல என்னோட சேத்து இன்னொருத்தன் குடியிருக்கலாம்.”

இப்படித்தான் பேச்சு போகும். ஒருநாள்கூட அலுத்ததில்லை. எனக்கும் ஒருவர் இருந்தார், இரண்டு வருடம் பழகினோம். நடக்கும்போது மூன்று பேராக நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். அது தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த முதல் ஹெட்செட்டை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கண்ணை ஒட்டினாற்போல வெளிச்சம் விழுவதால் அதற்குள் மட்டும் அவனுக்கு இரவு தெரிந்தது. மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தவன் அண்ணாந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அக்கா, நட்சத்திரம் தெரியுது. நெசத்துலயும் இவ்ளோ இருக்குமா?”

“இருக்கும்.”

“நீ சொன்னதே இல்லையே.”

நான் சொன்னதில்லைதான். அவன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு உங்கள் மன்றம். ‘அடுத்த தலைமுறையிடம் நாங்கள் கேட்பது’ என்று நீ ஆரம்பித்த அந்தப் பக்கத்தை அவன் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவான். மாட்டினால் வாந்தி எடுக்கும் ஒருவர், வயர் தடுக்கிப் பல்லை உடைத்துக்கொண்ட ஒருவர், கழுத்து வலிக்காமல் பத்து நிமிடம் போதும் என்று கெஞ்சிய ஒரு கிழவர். இல்மாரியின் ஆசையை நீ மறந்திருக்க மாட்டாய். வெளிக்கேமரா இருட்டையும் பகலாக்கிக் காட்ட வேண்டும், அதை மாட்டிக்கொண்டு டிசம்பரில் தனியாகக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரவேண்டும். ‘பால்காரன்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தாய். அப்படித்தான் நீங்கள் இரண்டு பேரும் பேசத் தொடங்கினீர்கள். பிறகு சனிக்கிழமைதோறும் அந்தக் கருவிக்குள் இருக்கும் ஏரியில் ஒரே படகில் மீன் பிடித்தீர்கள். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு அவன் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வடக்குஜன்னலாக நான் எழுத ஆரம்பித்தபோது மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அந்த இலையுதிர்காலம் ஹெட்செட் கம்பெனி வாயே திறக்கவில்லை, அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. கம்பெனி ரகசியம் கசிந்ததாக எழுதுகிறவர்கள் எல்லோரும் துள்ளிக் குதித்து எழுதுவார்கள். நான் கையேடு மாதிரி எழுதினேன். இந்த வருடக் கண்காட்சியில் அடுத்த ஹெட்செட் பற்றி ஒரு வார்த்தையும் வராது என்றேன், வரவில்லை. அறிவிப்பு தள்ளிப்போகும் என்றேன், போனது. அந்தத் தொழிலில் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான், குழந்தைகூடச் சொல்லும். ஆனால் நீங்கள் அசந்து போனீர்கள். என் பெயருக்குப் பக்கத்தில் ‘நம்பத்தக்கவர்’ என்று பச்சை அடையாளம் போட்டது நீதான். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் எழுதியதை அவன் நடக்கும்போது எனக்கே சொல்வான். “வடக்குஜன்னல் சொல்லிட்டான், வயர் கெடையாதாம்” என்று என் கையை அழுத்துவான். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அந்த நவம்பரில்தான் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அவனுக்கு இருக்கும் பழுதுக்கு ஒரு மருந்து உண்டாம். விழித்திரைக்கு அடியில் ஊசியால் வைப்பார்களாம். செல்கள் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும், அவனிடம் இன்னும் இருந்தன. இருப்பதைக் காப்பாற்றலாம், இருட்டில் கொஞ்சம் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றார் அந்த டாக்டர். பிப்ரவரி பதினொன்று என்று தேதியும் கொடுத்தார்.

சால்மன் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அக்கா, கண்ணு கொஞ்சம் நின்னுச்சுன்னா நான் யுவாஸ்குலா போயிடுவேன். வென்லா வரச் சொல்றா.”

“போயேன். யாரு புடிச்சு வெச்சிருக்கா?”

“நீ தனியா என்ன பண்ணுவ?”

“நிம்மதியாத் தூங்குவேன். உன் கொறட்டை இல்லாம.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரே கிண்ணத்தை மறுபடி மறுபடி கழுவினேன், கறை என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெட்செட்மேல் எனக்குப் பயமே இருந்ததில்லை. அதற்குத் தேதி கிடையாது. வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே எத்தனை குளிர்காலம் வேண்டுமானாலும் ஒன்றாக நடக்கலாம். ஆபரேஷனுக்குத் தேதி இருந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் ஏழு வரி எழுதினேன். எடை, வயர் இல்லாமை, வாந்தி வராத படம், அகலமான பார்வை, இருட்டைப் பகலாக்கும் கேமரா, வரும் குளிர்காலமே விற்பனை. இப்படி ஆறு வரியும் நீங்கள் கேட்ட வரங்கள். ஏழாவது வரி எச்சரிக்கை. ‘விழித்திரையில் ஊசியோ அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்களின் கண் அசைவை இக்கருவியால் பின்தொடர இயலாது. அவர்கள் இதைப் பயன்படுத்த முடியாது.’ வரம் மட்டும் இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு குறை சேர்ந்ததும் நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அந்த வரிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், ‘இயலாது’வா ‘முடியாது’வா என்றுகூட மாற்றி மாற்றிப் பார்த்தேன். நீ அதை மன்றத்தின் உச்சியில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்தாய்.

மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான்.

“ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லப்போறேன்.”

“ஏன்டா?”

“டாக்டரம்மா இருக்கலாம், இருக்கலாம்னே சொல்றாங்க. வடக்குஜன்னல் எடையக்கூட கிராம் கணக்குல சொல்றான். கண்ணையும் குத்திக்கிட்டு, இருட்டும் தெரியாம, புதுசுக்கு மாறப்போற அந்த ஏரியும் இல்லாமப் போச்சுன்னா? வென்லாவ நான் அங்க மட்டும்தான் பாத்திருக்கேன்.”

“நல்லா யோசிச்சுக்கோ.”

“நீ என்ன சொல்ற?”

“உன் கண்ணு. உன் முடிவு.”

இதைவிட நியாயமான பதில் ஒன்று இருந்தால் நீயே சொல். அந்த டாக்டர் நேர்மையானவர், அதனால் ‘இருக்கலாம்’ என்றார். உறுதியாகச் சொல்ல என்னால்தான் முடிந்தது.

மருத்துவமனை தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாக அவன் உன்னிடம் சொன்னது பொய். வராத ஒரு பொருளுக்காக ஆபரேஷனை விட்டேன் என்று உன்னிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். அவன் மனதில் அது உனக்காக விட்டது. அதையும் இன்று நீ தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்.

டாக்டர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். உங்கள் தம்பி ஏன் மறுக்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். வயதுவந்த மனிதன், அவன் முடிவை நான் மதிக்கிறேன் என்றேன். நம் நாட்டில் அந்த வாக்கியத்துக்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனம் மாறினால் கூப்பிடச் சொல்லுங்கள், ஆனால் நாள் கடத்தாதீர்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

அடுத்த வருடம், உதிரிபாகத் தட்டுப்பாட்டால் ஹெட்செட் ஒரு குளிர்காலம் தள்ளிப்போகிறது என்று எழுதினேன். அதற்கடுத்த வருடம், கேமராவை இன்னும் மேம்படுத்துகிறார்கள் என்று எழுதினேன். அவன் டாக்டரைக் கூப்பிடவில்லை. மூன்று குளிர்காலம் ஆற்றங்கரையில் நடந்தோம், வென்லா. என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் அது.

இந்த ஏப்ரலில் மறுபடி பரிசோதித்தார்கள். வைத்தியம் செய்வதற்கு உயிரோடு எதுவும் மிச்சமில்லை என்றார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவன் மெதுவாகக் கேட்டான்.

“புது ஹெட்செட் வரட்டும். அந்தக் கேமராவ வெச்சு எனக்கு ஏதாச்சும் பண்ணுவாங்க இல்ல, அக்கா?”

“பண்ணுவாங்க” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அன்றைக்கு எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

அவன் உன்னை விட்டு விலகிவிட்டதாக நீ நினைக்கிறாய். இந்தக் கோடை முழுக்க உன் படகில் தலை குனிந்து ஓர் உருவம் பேசாமல் உட்கார்ந்திருந்ததே, இணைப்பு அறுந்து உருவம் மட்டும் நின்றுபோயிற்று என்று நினைத்துக்கொண்டாய் இல்லையா. அது அவன்தான். சனிக்கிழமை தவறாமல் அந்தப் பழைய ஹெட்செட்டுக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டிக்கொள்வான். நீ “பால்காரா, இருக்கியா?” என்று கூப்பிடுவது அவனுக்குக் கேட்கும். மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தையும் உன் குரலையும் கேட்டுக்கொண்டிருப்பான். முடிந்ததும் கருவியைத் துடைத்து வைப்பான். உள்பக்கம் ஈரமாக இருக்கும்.

நீ அழு, பரவாயில்லை. கைக்குட்டை அங்கே இருக்கிறது. அவனிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல், நான் தடுக்க மாட்டேன். ஆனால் யோசித்துச் சொல். கண் போன பிறகு அவனிடம் மிச்சம் இருப்பது இரண்டுதான், அந்த ஹெட்செட் வரும் என்ற நம்பிக்கையும் நானும். எதை முதலில் எடுக்கப் போகிறாய் என்று நீ முடிவு செய்துகொள்.

மணி ஆறாகப் போகிறது, படி ஈரமாக இருக்கும், நான் இறங்க வேண்டும். கடைசியாக ஒன்று. நான் அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வருடம் ஜூன் மாதம், பொழுதே சாயாத நாட்கள், நல்ல நடுப்பகல், கண் கூசும் வெயில். வாசலில் அவன் கையை நீட்டித் துழாவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நான் கூப்பிடவில்லை, வென்லா. அவனாகத்தான் பிடித்தான்.