கழுவிய மைக்கா

துணி வெளுப்பதில் எனக்குக் கைராசி உண்டு, ஐயா. வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்று அண்ணனே சொல்லுவார். ஐம்பது வயதில் அவர் வீட்டுத் துணியைத் துவைப்பதும் அவர் சேர்க்கும் கற்களைக் கழுவுவதும்தான் என் உத்தியோகம். சோறு சமையலறை ஓரத்தில்.

அண்ணன் கல்லூரியில் கனிமப் பாடம் நடத்தியவர். ஏடு ஏடாக உரியும் மைக்கா, காக்காப்பொன் என்பார்களே, அது அவருக்கு உயிர். புற ஊதா விளக்கைக் காட்டினால் எத்தனையோ கற்கள் ஒளிரும். மைக்கா பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும். ஒளிர்கிற மைக்கா ஒன்றைக் கண்டுபிடிக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்பார்.

ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த சுரங்கத்தின் வாசல் குப்பையில் ஒரு துண்டைப் பொறுக்கி வந்தேன். துணி சோப்புத் தூளில் ஊறவைத்துக் கழுவிக் கொடுத்தேன். ஜன்னலை அடைத்து விளக்கைக் காட்டினார். ஏடு ஏடாக நீலமாய் ஒளிர்ந்தது.

"டேய், இது எங்கடா கிடைச்சது?"

குப்பையில் என்று சொல்ல வாய் வரவில்லை. "சுரங்கத்துக்குள்ள, கடைசிக் குடைவுல."

"சாதிச்சிட்டடா தம்பி." தோளில் கை போட்டார். தம்பி என்று கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும். "ஏதாவது அழுக்கு ஒட்டியிருக்கப்போகுது, இன்னொரு தடவை கழுவிட்டு வா."

கழுவினேன், அதே தூளில். எதில் கழுவினாய் என்று அவர் கேட்கவில்லை. இன்னும் பளிச்சென்று ஒளிர்ந்தது. பக்கத்தில் என் சட்டைக் கையும் அதே நீலத்தில் ஒளிர்ந்தது. துணியை வெள்ளையாகக் காட்டத் தூளில் போடுகிற சரக்கு, கல்லின் ஏடுகளுக்குள் புகுந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் படித்தவர், என் சட்டையை என்றைக்குப் பார்த்திருக்கிறார்?

அன்று பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். அண்ணிகூட, "உங்க தம்பிக்கு இன்னொரு கரண்டி போடட்டுமா?" என்று கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

அண்ணன் விளக்கோடு சுரங்கத்துக்குப் போக ஆரம்பித்தார். வெறுங்கையோடு திரும்பி முகம் வாடும்போதெல்லாம் இன்னொரு கல்லைக் கழுவிக் கொடுத்து, "இது இன்னும் உள்ளே கிடந்தது" என்றேன். அங்கே கூரைக்கு முட்டுக் கொடுத்த மரங்கள் செல்லரித்திருந்தன. பார்த்திருக்கிறேன்.

நாலாவது தடவை, "போதும்டா, விட்டுடலாம்" என்றார். அன்றைக்கு என் தட்டு பழையபடி சமையலறை ஓரத்துக்குப் போனது. மறுநாள் ஒரு கல்லை இரண்டு பங்கு தூளில் ஊறவைத்தேன்.

அதைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். கூரை சரிந்து, தீயணைப்புக்காரர்கள் உடலைத் தோண்டி எடுத்தபோது அவர் கையில் விளக்கு அணையாமல் இருந்தது. அந்தச் சுரங்கத்தில் ஒளிர்ந்தது அவர் சட்டை மட்டும்தான். நான் வெளுத்த சட்டை.

போ என்று ஒரு தடவைகூட நான் அவரிடம் சொன்னதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.