உள்ளே தூங்குகிறவள்

அம்மா: மெதுவா தட்டும்மா. கதவு என்ன பாவம் பண்ணுச்சு?

வந்தவள்: திறம்மா. எத்தனை தடவை சொல்றது... நான்தான், உன் பொண்ணு.

அம்மா: என் பொண்ணு உள்ள தூங்குறா. நீ வீடு மாறி வந்துட்டே போல.

வந்தவள்: அம்மா...

அம்மா: ஸ்ஸ்! இப்பதான் சாப்பிட்டுக் கண்ணசந்தா. காலைலேருந்து எனக்குக் கால் பிடிச்சுவிட்டா, பாவம்.

வந்தவள்: விளையாடாத. என் குரல்கூடவா மறந்துபோச்சு?

அம்மா: பதினோரு வருஷமா கேக்காத குரல்... கண் தெரியாதவகிட்ட யார் வேணா வந்து என்ன வேணா சொல்லலாம். அவளும் இப்படித்தான், ரெண்டு வருஷம் முன்ன ஒரு மத்தியானம் வந்து நின்னா. "அம்மா, வந்துட்டேன்"னா. சட்டுனு திறந்துட்டேன்.

வந்தவள்: அவ... உன் பொண்ணு இல்லம்மா.

அம்மா: யாரு சொன்னா?

வந்தவள்: நான்தான் அனுப்பினேன். நர்ஸ் அவ. உனக்குப் பார்வை போயிடுச்சுன்னு கேள்விப்பட்டதும்... எனக்கு வர மனசு வரல. "நான்தான்னு சொல்லிக்கோ, கூடவே இரு"ன்னு...

அம்மா: ஓ! ஆள் வச்சு மகளா இருந்தியாக்கும். கெட்டிக்காரிதான்.

வந்தவள்: திட்டு, நல்லா திட்டு. ஆனா முதல்ல திற. பயமா இருக்கு.

அம்மா: எனக்கென்ன பயம்? துணைக்குத்தான் ஆள் இருக்கே.

வந்தவள்: இல்லம்மா! அவ போன மாசமே வேலையை விட்டுட்டா. உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினாளாம். கீழ்வீட்டம்மா ஃபோன் பண்ணாங்க... நீ ரெண்டு தட்டு வைக்கிறியாம். நாள் முழுக்க யார்கூடவோ பேசுறியாம்.

அம்மா: பேசாம? வீட்ல ஒருத்தி இருக்கும்போது ஊமையாவா இருப்பாங்க?

வந்தவள்: இரு... அது என்ன சத்தம்? உள்ள யாரோ கட்டில்ல புரள்ற மாதிரி...

அம்மா: பார்த்தியா, எழுப்பிட்டே.

வந்தவள்: அம்மா, உள்ள யாரு?

அம்மா: என் பொண்ணுன்னு சொன்னேனே.

வந்தவள்: அவ நர்ஸுன்னதும் நீ திடுக்கிடக்கூட இல்லையே. முன்னாடியே தெரியுமா?

அம்மா: முதல் நாளே. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தேன். வழவழன்னு இருந்துச்சு.

வந்தவள்: அதுலயே தெரிஞ்சுபோச்சா?

அம்மா: உன் கைல... இன்னும் இருக்கா?

வந்தவள்: தழும்பு எங்க போகும்?

அம்மா: இஸ்திரிப் பெட்டி தவறி விழுந்துடுச்சுன்னு ஊர் பூரா சொன்னேன். உங்க அப்பாகிட்டயும்.

வந்தவள்: நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன். என் புருஷன்கிட்டகூட.

அம்மா: தவறி விழலடி.

வந்தவள்: தெரியும்மா... அப்ப எனக்கு ஒன்பது வயசு, ஒண்ணும் தெரியாத குழந்தையா? விடு. திற.

அம்மா: மாட்டேன். உள்ள இருக்கிறவ நான் சூடு வைக்காத பொண்ணுடி. நீ வந்தா அவ போயிடுவா.