அந்த மனுசி சிரிக்கிற இடம்

பூம்ப்ளிஸ் என்ற புறநகருக்குப் போகும் ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். ஒட்டுக்கேட்பது என் பழக்கமல்ல என்று சொன்னால் அது பொய். அதிலும் இளையவள் அப்படித் தொடங்கினால் யார்தான் கேட்காமல் இருப்பார்கள்?

“அம்மா அந்தச் செத்துப்போன மனுசியோட கதைக்கிறா, அக்கா.”

“எந்த மனுசி?”

“நான் யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி செய்யிற அமெரிக்கக் கவிஞர். தன்ரை வருத்தம், ஆஸ்பத்திரி, புருசன், ஒண்டையும் மறைக்காமல் எழுதினவ. அவ தானே கவிதை வாசிச்ச பழைய ஒலிப்பதிவு ஒண்டை நான் குசினியில சமைக்கேக்க போட்டுக் கேக்கிறனான். இப்ப நான் இல்லாத நேரத்தில அம்மாவே போடுறா.”

“அம்மாவுக்கு இங்கிலிஷ் விளங்காதே.”

“ஓம். ஆனா ஒரு கவிதை முடிஞ்சு மற்றது தொடங்க முதல் அந்த மனுசி கொஞ்சம் நிப்பாட்டுவா. அந்த நேரம் அம்மா தன்ரை கதையைச் சொல்லுறா. பிறகு பதில் கேக்கிற மாதிரித் தலையாட்டுறா. நேற்று கதவடியில நிண்டு கேட்டன். எங்களுக்கு முதல் ஒரு ஆம்பிளைப்பிள்ளை பிறந்து தவறிப்போச்சாம்.”

மூத்தவள் கையுறையைக் கழற்றினாள். திரும்பவும் போட்டாள்.

“எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே.”

“எனக்கும்தான். ஆனா நான் பயந்தது அதுக்கில்லை அக்கா. கடைசிக் கவிதைக்கு முதல் அந்த மனுசி ஒருக்காச் சிரிப்பா. எத்தனையோ தரம் கேட்டிட்டன், எப்பவும் அதே இடத்தில சிரிப்பா.”

“அதுக்கென்ன?”

“அந்த இடத்திலதான் அம்மா பிள்ளையின்ரை பேரைச் சொன்னவ. நேற்று அந்த மனுசி சிரிக்கேல்லை.”