குவாரித் தொட்டியில் தண்ணீர்

சைக்கிளில் சாமான் கட்டும்போது கனமானதை அடியில் வைக்க வேண்டும். கூடாரத்தை மேலே கட்டிவிட்டு, முதல் ஏற்றத்திலேயே வண்டி ஆடுகிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவள் நான். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் அவசரப்பட வேண்டாம், இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரியில் கிடக்கும் பல் டாக்டர் கண் விழிக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் நானே சொல்கிறேன்.

என் கணவருக்கு சைக்கிள் என்றால் உயிர். ரோடே இல்லாத இடங்களில் நாள் கணக்கில் ஓட்டுவார். அவர் ஓட்டுவார், நான் கட்டிக் கொடுப்பேன். பன்னிரண்டு வருடம் இப்படியே போனது. போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “அடுத்த தடவை நீயும் வாயேன். அந்தப் பொட்டல் மேட்டைக் குறுக்கா கடந்துடலாம். எழுநூறு கிலோமீட்டர்” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு மாதம் உழைத்தேன். விடிந்ததும் ஓட்டிப் பழகப் போனேன். இரண்டு முறை விழுந்து முழங்காலில் தையல் போட்டார்கள். கடையில் மிஞ்சிய கெட்டித் துணியில் ஹேண்டில் பாரிலும் சீட்டுக்கு அடியிலும் மாட்டுகிற பைகளை இரண்டு செட் தைத்தேன். அகலமான டயர், உதிரிச் செயின் துண்டு, ஸ்போக்ஸ் கம்பி என்று ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டினேன்.

வழியில் தண்ணீர் கிடைப்பது ஆறே இடங்களில்தான். அந்த ஆறையும் கண்டுபிடித்தது நான். ஆடு மேய்க்கிறவர், பழைய குவாரியின் வாட்ச்மேன் என்று யார் யாரையோ தேடிப் பிடித்துப் போனில் பேசி, வரைபடத்தில் நீல மையால் வட்டம் போட்டேன்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அவருடைய சைக்கிள் கிளப்பில் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். என் வரைபடத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, “பதினோரு மாசம் நான் ஒத்தை ஆளா உக்காந்து போட்ட பிளான் இது” என்றார். பிறகு, “என்கூட நம்ம பல் டாக்டர் வர்றார்” என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் டீத் தட்டு இருந்ததால் நான் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “என்னங்க, அப்ப நான் வரலையா?”

“நீ எதுக்கும்மா வெயில்ல காயணும்? டாக்டர் நல்ல வேகம். நீ வந்தா உனக்காக நான் நின்னு நின்னு போகணும். உன் பையெல்லாம் அவருக்குக் கொடுத்துடு.”

கொடுத்தேன். டாக்டர் என்னைவிட உயரம், அவருடைய வண்டியும் பெரியது. பட்டைகளைப் பிரித்து நீளமாகத் தைத்துக் கொடுத்தேன். வாங்க வந்தபோது வெட்டிய பிரஷ்ஷைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணி, என் பொழப்புலயே கை வச்சிட்டீங்களே” என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாளுக்கு முன்பு, தண்ணீர் இருக்கும் இடங்களை இன்னொரு முறை சரிபார்க்க உட்கார்ந்தேன். ஐந்து இடம் சரியாக இருந்தது. ஆறாவதாக வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“குவாரியை மூடி நாலு மாசம் ஆச்சும்மா. மோட்டாரைக் கழட்டிட்டுப் போய்ட்டாங்க. தொட்டி காஞ்சு கிடக்கு. அந்தப் பக்கம் யாரையும் அனுப்பிடாதீங்க” என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பக்கத்து அறையில் இவர் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வரைபடம் என் முன்னால் இருந்தது, பேனாவும் இருந்தது. நான் வட்டத்தை அடிக்கவில்லை. அது குற்றமா இல்லையா என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். அது அவருடைய பிளான், ஒற்றை ஆளாக உட்கார்ந்து போட்டது. அதில் கை வைக்க நான் யார்?

அவசரத்துக்குச் செய்தி அனுப்புகிற கருவி ஒன்று வாங்கலாம் என்று முன்பே சொன்னவளும் நான்தான். “அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு” என்றார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பிய ஆறாம் நாள் மாலை அவர்கள் அடுத்த ஊரிலிருந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழாம் நாள் நீங்கள்தான் கடைக்கு வந்து சொன்னீர்கள். இவர் குவாரித் தொட்டியின் நிழலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், டாக்டர் மூன்று கிலோமீட்டர் தவழ்ந்து வந்து ஆட்டுக்காரர்கள் கண்ணில் பட்டார் என்றும். கையிலிருந்த தார்ப்பாயின் ஓரத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அதை உங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பாதியில் விட்டால் தையல் பிரிந்துவிடும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதை வைத்து, கவனக்குறைவான மனைவி என்று என்னைப் பற்றி எழுதிவிடுவீர்கள். அப்படி மட்டும் எழுதாதீர்கள். கவனக்குறைவு என்னிடம் கிடையாது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கடைசியாக சிக்னல் கிடைக்கும் மேட்டிலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது.

“ஏத்தம் ஆளைக் கொல்லுது. ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணியைச் சுமந்துட்டு ஏற முடியலை. குவாரித் தொட்டியில கண்டிப்பா தண்ணி இருக்கும்ல? உனக்குத்தான் தெரியும்.”

உனக்குத்தான் தெரியும் என்று அவர் சொல்லி, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். பின்னாலிருந்து டாக்டர், “அண்ணிகிட்ட நல்லா கேட்டுக்கங்க அண்ணே” என்றார்.

“நிறைய இருக்குங்க” என்றேன். “ஆளுக்கு ஒரு லிட்டர் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொட்டிடுங்க. ரெண்டு பேரும்.”

“சரி, இரு” என்று போனைக் கீழே வைத்தார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் கல்லில் விழும் சத்தம். பத்து லிட்டர் தண்ணீரைக் கொட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அவ்வளவு நேரமும் நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.