ஓடும் என்றுதான் சொன்னேன்

பழைய வண்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எதற்கு உதைக்கிறார்கள் என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்கு விளங்கவில்லை. உதைத்துவிட்டு, எல்லாம் தெரிந்துகொண்டவர்போலத் தலையை வேறு ஆட்டுவார்கள்.

நடந்ததை என் கைப்படவே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன். என் பெயர் நடராசன். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் அந்த இருபத்திரண்டு வருஷமாகத்தான் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். போவேன், பார்ப்பேன், உள்ளதைச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முன்பே மனதில் முடித்துவைத்த வண்டியை வாங்கிக்கொண்டு போவார்கள். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான். பிறகு என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

ஒலக்கூர் சீனுவாசன் எனக்கு இருபது வருஷப் பழக்கம். நெல்லும் மல்லாட்டையும் பயிர் செய்கிற குடும்பம். நல்ல மனிதர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் ஒரு பைக், பிறகு ஒரு டிராக்டர். இரண்டையும் நான் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வாங்கினார். இரண்டும் பாதி நாள் என் ஷெட்டிலேயே கிடந்தன. ஒருநாளாவது "நீ சொன்னது சரி" என்றாரா? "என் ராசி அப்படி" என்பார். நான் கண்டுபிடித்ததெல்லாம் ராசிக் கணக்கில் போய்விடும்.

இந்த வருஷம் தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு, சின்ன எஸ்.யூ.வி. ஒன்று வாங்க ஆசைப்பட்டார். விழுப்புரத்தில் தேவா என்கிற புரோக்கரிடம் இரண்டு வண்டிகள் நின்றன. காலையிலிருந்து மத்தியானம் வரை இரண்டையும் பார்த்தேன். வெள்ளை வண்டி எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஒரே ஆள் கையில் இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. முன்பக்க டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், டைமிங் பெல்ட்டை அடுத்த வருஷத்துக்குள் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் செலவு.

சிவப்பு வண்டியின் மீட்டர் நாற்பதாயிரம் காட்டியது. ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, டிரைவர் சீட் ஒருபக்கமாக அமுங்கிக் கிடந்தது. லட்சத்துக்குக் குறையாமல் ஓடிய வண்டி. பிரேக்கை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பெடல் என் காலுக்கடியில் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளே தேய்ந்துவிட்டால் அப்படித்தான் இறங்கும். வெளியே ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாது. ஒருநாள் பிரேக் பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது.

இதையெல்லாம் நிதானமாகச் சொன்னேன். சீனுவாசன் வெள்ளை வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு, ஏழு, சைபரு, ஆறு... பதினேழு. கூட்டினா எட்டு வருதுண்ணே. எட்டு நமக்கு வேணாம், பேஜாரு. செவப்பு ஒன்பது வருது பாரு."

அவர் அப்பா மாடு பிடிக்கப் போனால் சுழி பார்த்துத்தான் பிடிப்பாராம். பெரியவர் சுழியோடு பல்லையும் பிடித்துப் பார்ப்பார். மகன் சுழியோடு நிறுத்திக்கொண்டார்.

"பிரேக்கு சரியில்லன்னு சொல்லிக்கினே இருக்கறேன்," என்றேன்.

தேவா சிரித்தான். "மெக்கானிக்குன்னா ஏதாச்சும் ஒரு நோவு சொல்லத்தான் செய்வாரு சார். அப்பத்தான அவருக்கு வேல."

சீனுவாசனும் கூடச் சேர்ந்து சிரித்தார். தேவா சிரித்தது எனக்கு ஒன்றுமில்லை. இவர் சிரித்தது வலித்தது.

"வளவளன்னு வேணாம்ணே. ஒரே வார்த்தையில சொல்லு. வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்," என்றேன்.

அது பொய்யில்லை, ஐயா. எல்லாரும் ஓடுமா என்றுதான் கேட்கிறார்கள். நிற்குமா என்று இதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. மயிலம் கோயிலில் பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி தமிழ்ச்செல்வி தானே வண்டியை ஓட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, பிரேக்கு சரியில்லன்னு நீங்க சொன்னீங்களாம். அவரு சிரிச்சிக்கினே சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. புதுசா மாத்திக் குடுத்துடுங்க. அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்கண்ணா, கோச்சிக்குவாரு. சர்வீஸுன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்."

நான் சொன்னதைச் சொன்னபடி செய்யவேண்டும் என்று வந்த முதல் ஆள் அவள்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பாண்டியிலிருந்து புது மாஸ்டர் சிலிண்டர் வரவழைத்தேன். மூன்றாம் நாள் வந்தது. பெட்டியைப் பிரித்து, சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை மாட்டினால் பிரேக் பிடிக்கும். பத்து வருஷமானாலும் பிடிக்கும். சீனுவாசன் போகிற இடமெல்லாம், "நடராசன் வேணாம்னாரு, நான் ஒன்பதாம் நம்பர பாத்து வாங்கினேன், ஒரு கொறை இல்ல" என்பார். அதைச் சொல்லியே தேவா இன்னும் பத்து வண்டி விற்பான். அவள் வாய் திறக்க மாட்டாள், நானும் திறக்கக் கூடாது. என் பேச்சை என் கையாலேயே பொய்யாக்க வேண்டும். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

சிலிண்டரைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். பிரேக் ஆயிலை மட்டும் மாற்றி, அதன் குழாயில் இருந்த காற்றை எடுத்து, பெடல் கல்மாதிரி நிற்கும்படி செய்தேன். பழைய சிலிண்டர் அப்படிச் சில வாரம் தாக்குப்பிடிக்கும். வண்டியைக் கழுவித் துடைத்தும் கொடுத்தேன்.

"மாத்திட்டீங்களாண்ணா? பயமில்லாம போலாமா?"

"மாத்திட்டேம்மா. போலாம்," என்றேன்.

நான் நினைத்ததெல்லாம் ஒரு சின்ன இடிதான். ஏதாவது வரப்பில் ஏறும், பம்பர் நசுங்கும், மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு ஷெட்டுக்கு வருவார். அதற்குமேல் நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்திருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம்.

பங்குனியில் பொம்மையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் கிளம்பினார்கள். திண்டிவனம் மேம்பாலத்து இறக்கத்தில் கரும்பு லாரி ஒன்று நின்றிருந்தது. சீனுவாசன் மிதித்தாராம். மிதித்துக்கொண்டே இருந்தாராம். வண்டியின் இடதுபக்கம் லாரிக்கடியில் போய்விட்டது. தமிழ்ச்செல்வி இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாள்.

வண்டியைச் சோதித்த அதிகாரி உள்ளே பழைய சிலிண்டரைத்தான் பார்த்தார் என்கிறீர்கள். சரிதான். புதுசு என் ஷெட்டில் மேல் அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறந்து விடவில்லை. தெரிந்துதான் மாட்டாமல் விட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீனுவாசன் காலில் கட்டோடு கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப்போல அழுதார்.

"நீ அன்னிக்கே சொன்னியேண்ணே. நீ சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும்."

இந்த வார்த்தைக்கு இருபது வருஷம் காத்திருந்தேன், ஐயா. மனசு நிறைந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான். அவர் அதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்து கேட்கத் தமிழ்ச்செல்வி இல்லை. இருந்திருந்தால் அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.