கேக்கத் தெரியாத புள்ள

பன்னண்டு வரிங்க! பன்னண்டு வரி ஹீப்ருவுல, ஒரு எழுத்து பிசகாம, ராகத்தோட! டிசம்பர் லீவு பூரா பீச்சுப் பக்கம் தலைவச்சுப் படுக்காம ஒக்காந்து படிச்சான் எம்புள்ள. அவனப் போயி, "இந்த வருஷம் கேள்வி கேக்கறது வேற ஆளு கண்ணா"ன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருமா வராதா? நீங்களே சொல்லுங்க… ஆங், அந்த ஆரஞ்சுச் சட்டைய மாட்டிக்கங்க. கேட் டூட்டின்னா அது இல்லாம நிக்கக் கூடாது. அசிங்கமாத்தான் இருக்கும். எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு. புள்ளைங்க வந்தா லிஸ்ட்ல டிக் அடிங்க, தெரியாத மூஞ்சி வந்தா என்னக் கூப்பிடுங்க. அவ்ளோதான் வேல.

நான் ரோஷெல். எஃப்ரேமோட அம்மா. நீங்க…? ஓ, அந்த ரெட்டை ஜடை வாண்டோட அம்மாவா? இன்னைக்குத்தான் மொத நாளா? உங்க வீட்டுக்காரர்தான் யூதர், நீங்க இல்லையா? அட, அதுக்கு ஏன் மொகத்தச் சுருக்கறீங்க, நான் என்ன தப்பாவா கேட்டேன்? இந்த யூதப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் எடம் உண்டு. வாசல்லயே போர்டு வச்சிருக்காங்களே, வானவில் கலர்ல. ரெண்டு அம்மா இருக்கற புள்ளையா, வா. பாதி யூதனா, வா. ஒக்கார முடியாதவனா, பந்து மேல ஒக்காந்து உருளு. சத்தம் ஆகாதவனா, காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கோ. பதினோரு புள்ளைங்க கிளாஸ்ல, பதினோரு தினுசு!

ஜோஹன்னஸ்பர்க்ல நாங்க படிச்சப்ப வாத்தியார் ஸ்கேலோட நிப்பாருங்க. தப்பா வாசிச்சா கை வீங்கிடும். இங்க? வட்டமா ஒக்கார வச்சு, "கடவுளப் பத்தி உனக்கு என்ன தோணுது?"ன்னு கேக்கறாங்க. எட்டு, ஒம்போது வயசுப் புள்ளைக்கு என்னங்க தோணும்? பசிக்குதுன்னு தோணும்! டீச்சரு பேரு டாம்சின். மிஸ்ஸுன்னு கூப்பிடக் கூடாதாம், பேரச் சொல்லணுமாம். ஒரு பக்கம் தலைய மழிச்சிக்கிட்டு, ரப்பர் செருப்புல வருவா. அது டீச்சரா, இல்ல அலைச்சறுக்கு வெளையாட வந்ததான்னே எனக்கு ஒரு மாசம் புரியல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பாஸ்கா பண்டிகை விருந்துல சின்னப் புள்ள ஒண்ணு எழுந்து நின்னு நாலு கேள்வி கேக்கணும், அதுதான் அந்தப் பன்னண்டு வரி. இன்னைக்கு மட்டும் ஏன் இந்தத் தட்டையான ரொட்டி, ஏன் கசப்புக் கீரைன்னு. பெரியவங்க பதில் சொல்லுவோம். அத வருஷா வருஷம் பண்டிகைக்கு முந்தின ஞாயித்துக்கிழம காலைல இங்க ஹால்ல ஒத்திகை மாதிரி போடுவாங்க, பெத்தவங்க எல்லாரும் வருவோம். கேள்வி கேக்கறதுதான் பெரிய கௌரவம். அது போக நாலு வேஷம் இருக்கு. புத்திசாலிப் புள்ள, அடங்காப்பிடாரி, வெகுளி, நாலாவது… கேக்கவே தெரியாத புள்ள. தொப்பி போட்டுக்கிட்டு நிக்கணும், அவ்ளோதான்.

இதுல பெனினான்னு ஒரு பொண்ணு. ஒம்போது வயசு. பேச்சு வராது. காதெல்லாம் நல்லாக் கேக்கும், மூளையெல்லாம் சுறுசுறுப்பு, வாய்தான் ஒத்துழைக்காது. கழுத்துல ஒரு டேப்லெட்டத் தொங்கவிட்டிருப்பா. படத்தத் தொட்டா அது பேசும். பாவந்தான். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல.

அப்போ யாரோ ஒருத்தர் யோசனப் பெட்டியில ஒரு கடுதாசி போட்டுட்டாங்க. பேரில்லாம. "பெனினாவுக்கு நாலாவது வேஷம் கச்சிதமா இருக்கும், வசனமும் கெடையாது, கஷ்டமும் கெடையாது, மத்த புள்ளைங்களுக்கும் நேரம் மிச்சம்"னு. ஒரு யோசனதான? பெட்டி எதுக்கு வச்சிருக்கு, பூ போட்டுப் பூட்டி வைக்கறதுக்கா? இந்த டாம்சின் அத பெத்தவங்க கூட்டத்துல எல்லார் முன்னாடியும் படிச்சா. பொண்ணோட அம்மா நடீன் மொத வரிசைல ஒக்காந்திருக்கா! ஒரு இங்கிதம் வேணாமா? படிச்சு முடிச்சுட்டு கடுதாசிய நாலா மடிச்சு வச்சுட்டு சொல்றா: "இந்த வருஷம் நாலு கேள்வியையும் பெனினா கேப்பா."

எனக்கு எப்படி இருக்கும்? நான் எழுந்துட்டேன். "அந்த மெஷினு ஹீப்ரு பேசி கேட்டிருக்கியா நீ? லிஃப்டுக்குள்ள 'மூணாவது மாடி, கதவு திறக்குது'ன்னு சொல்ற மாதிரி இருக்கு. அதுவும் அம்பது வயசுப் பொம்பள கொரல்ல. இதுவா புள்ள கேள்வி?"ன்னேன். நியாயமான பாயிண்டா இல்லையா? டாம்சின் சிரிச்சுக்கிட்டே, "கரெக்ட் ரோஷெல். அவ வயசுப் புள்ள யாராவது கொரல் குடுத்தா நல்லாருக்கும்"ங்கறா. அடுத்த நாளு கிளாஸ்ல கேட்டிருக்கா. கைய மொதல்ல தூக்கினது யாருங்கறீங்க? எம்புள்ளதான்! எடத்தையும் குடுத்துட்டு கொரலையும் குடுக்கறானாம். அவங்கப்பா க்ளைவோட ரத்தம், வேற என்ன சொல்ல.

மூணு புதன்கிழம எங்க வீட்டுக்கு வந்தா அந்தப் பொண்ணு. ரஸ்க் ஒரு டப்பா காலி. ரூம்ல ஒக்காந்து இவன் சொல்லுவான், அவ பதிவு பண்ணிக்குவா. நாலு கேள்விக்கு மூணு வாரமா? கதவச் சாத்திக்கிட்டு ஒரே சிரிப்பு. பேச்சு வராத புள்ள என்னமா சிரிக்கறாங்கறீங்க, சேவல் கொக்கரிக்கற மாதிரி, தெரு வரைக்கும் கேக்கும். நான் போய் எட்டிப் பாத்தா ரெண்டும் கப்சிப்.

ஒத்திகை அன்னைக்குக் காலைல ஹால் நெறஞ்சு போச்சு. நீள மேச, உப்புத்தண்ணி, அவிச்ச முட்டை, திராட்சச் சாறு எல்லாம் வச்சாச்சு. பெனினா ஊதா கவுன்ல நின்னு ஒவ்வொண்ணா அமுக்கறா. நாலு கேள்வியும் எஃப்ரேம் கொரல்ல, அந்த ராகத்தோட… நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாப் படிச்சவன் கொரல், நல்லா இல்லாம எங்க போகும்? ஆளாளுக்கு மூக்க உறிஞ்சறாங்க. எங்க க்ளைவு இருக்காரே, கல்யாணத்துல, சாவுல எதுலயும் கண்ணு கலங்காத மனுஷன், நாப்கின எடுத்துத் தொடச்சுக்கறாரு. "வெங்காயமாங்க?"ன்னு கேட்டேன்.

முடிஞ்சுதுன்னு எல்லாரும் கை தட்டப் போனா, அவ ஒக்காரல. இன்னொரு பொத்தான அமுக்கறா. அஞ்சாவது கேள்வி. அது எந்த ஊருல உண்டு? ஹீப்ரு கூட இல்ல, சாதாரண பேச்சு. "எனக்குக் கேக்கத் தெரியாதுன்னு எழுதினது யாரு?"

எம்புள்ள கொரலுங்க. எம்புள்ள கொரல்ல கேக்குது அது.

ரொட்டியக் கடிச்சவன் மெல்லாம ஒக்காந்திருக்கான். டாம்சின் சொல்றா, "புள்ள கேட்டா பெரியவங்க பதில் சொல்லணும். அதுக்குத்தான இங்க கூடியிருக்கோம். யாரு சொல்றீங்க?" ஆளாளுக்குத் தட்டக் குனிஞ்சு பாக்கறாங்க. எஃப்ரேம் மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கறான். கண்ண எடுக்கல.

ஏன் என்னப் பாத்தான்னா கேக்கறீங்க? …அது என்னங்க கேள்வி? அம்மாவ புள்ள பாக்கக் கூடாதா? …

சரி விடுங்க. அந்தக் கடுதாசிய கம்ப்யூட்டர்ல அடிச்சேன். அழிக்க மறந்துட்டேன். அவன் வீட்டுப்பாடம் எழுதப் போயி பாத்திருக்கான். பாத்தவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? "அம்மா, ஏன் இப்படி எழுதினே"ன்னு ஒரே ஒரு வார்த்த? கேக்கல. நேரா அவகிட்ட போயி சொல்லியிருக்கான். இப்பக் கூட என்னோட சண்ட போட மாட்டேங்கறான். தட்ட எடுத்துட்டுப் போயி கழுவி வச்சுட்டு, "தேங்க்ஸ்"ங்கறான். ஹோட்டல்ல சொல்ற மாதிரி.

லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் தொறக்கறாங்க. கேட்டுக்கு எங்கூட நிக்க ஒருத்தியும் வரல. ஒருத்திக்குத் தலவலி, ஒருத்திக்குக் காரு ஸ்டார்ட் ஆகலையாம். அதான் ஒண்ணும் தெரியாத உங்களப் போட்டிருக்காங்க. நான் என்ன கொலையா பண்ணேன்? எம்புள்ளைக்கு ஒரு எடம்… என்னங்க? காப்பியா? இப்பவா? எனக்கு வேணாம்… ஏங்க, அந்த லிஸ்ட்டயாவது குடுத்துட்டுப் போங்க! ஆரஞ்சுச் சட்டைய ஏன் கழட்டறீங்க…? போயிட்டா பாரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நேரா டாம்சின் கிட்டதான் போறா.

அய்யோ. நடீனோட காரு.

…குட் மார்னிங், நடீன். ம். நல்லாருக்கோம். பேரு… தெரியும், தெரியும், டிக் அடிச்சுட்டேன். உள்ள போ பெனினா. என்ன நிக்கறே? …அந்த அஞ்சாவது கேள்விய அமுக்காத. நடீன், அத அமுக்க வேணாம்னு சொல்லு… கேட்டுடுச்சு எனக்கு. ரெண்டாவது தடவ கேக்க வேணாம்.

நான்தான். நான்தான் எழுதினேன். போதுமா? இப்ப உள்ள போ.

…இது என்ன, புதுப் பொத்தானா? எப்பப் பதிவு பண்ணீங்க இத? "ஏன்?"னா… ஏன்னா என்ன அர்த்தம்… பெல் அடிச்சாச்சு, பாரு, எல்லாரும் போயாச்சு. அதச் சொல்ல நேரமாகும். உள்ள போ மொதல்ல.

போக மாட்டியா?

சரி. நில்லு.