ரோட்டில் வைக்காத பத்திரிகை

தாம்பரம் மேம்பாலத்தடியில் பம்மல் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்து பல வருடமாக அங்கேயே குடியிருக்கும் பூக்காரம்மாவிடம், வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்த ஒரு பெண் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்.

"இன்னாம்மா, ரோட்டுல வச்சா பத்திரிகை குடுப்பாங்க? வூட்டுக்கு வந்து வச்சாதான் நான் கல்யாணத்துக்கு வருவேன்."

"வூடு எங்கக்கா?"

"தோ, தூணுக்கு அந்தாண்ட. இரு, நான் முன்னால போறேன்."

பூக்கூடையை விட்டு எழுந்தவர் நாலு அடி நடந்து, தூணோரம் விரித்திருந்த தார்ப்பாயில் உட்கார்ந்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"ம், இப்ப வா."

அந்தப் பெண் தார்ப்பாய் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்.

"உள்ள வரலாமாக்கா?"

"வா, வா. கதவு எப்பவும் தொறந்துதான் கீது."